பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ரேடியேட்டர் ஃபேன் எத்தனை டிகிரியில் ஓட வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் இரண்டு சீட் காருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அதன் ரேடியேட்டர் ஃபேனோடு நான் இரண்டு வெயில் காலம் மல்லுக்கட்டியது தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

1980, 90களில் வந்த, முன்பக்கம் ரேடியேட்டரும் எலக்ட்ரிக் ஃபேனும் உள்ள கார்களை மனதில் வைத்து எழுதியது. இன்ஜினே ஃபேனைச் சுற்றும் வகைக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு. டிகிரி என்று வரும் இடமெல்லாம் செல்சியஸ்.

ஃபேன் எப்போ ஓடணும், எப்போ ஓடத் தேவையில்லை?

வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும்தான் அதற்கு வேலை. மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் தாராளமாகப் புகுந்துவிடும். அந்த வேகத்தில் ஃபேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஏசி போட்டிருந்தால் மட்டும் கணக்கு வேறு, அது பின்னால் வருகிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. வண்டி ஹீட் ஆகிறது என்று யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "நிற்கும்போதா, ஓடும்போதா?" என்பதுதான். நிற்கும்போது மட்டும் ஹீட் ஆனால் ஃபேன் பக்கம் பார்க்கலாம். ஓடும்போது ஹீட் ஆனால் ஃபேனை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும்.

முள் பாதியைத் தாண்டினாலே எனக்குப் பதறுது. எத்தனை டிகிரி வரைக்கும் பரவாயில்லை?

85 முதல் 105 வரை பெரும்பாலான இன்ஜின்களுக்குச் சாதாரணம். 100 என்றதும் தண்ணீர் கொதிக்கும் நினைப்பு வந்து பயமுறுத்துகிறது. ஆனால் உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் அல்ல, திறந்த பாத்திரத்திலும் இல்லை. பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைகால் கூலன்ட் மூடியில்லாமலே 106, 107 டிகிரியில்தான் கொதிக்கும். ஒரு பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால் கொதிநிலை கிட்டத்தட்ட 129 வரை போகும்.

கம்பெனிக்காரர்களே ஃபேனைத் தாமதமாக ஓடவிட்ட கார்கள் உண்டு. 1980களின் பிற்பகுதியில் வந்த கொர்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரில் ஃபேன் சுமார் 109 டிகிரிக்குப் பிறகுதான் ஓடத் தொடங்கும். முதல்முறை வாங்கியவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் அளவு அது. என் கணக்கில் 110 வரை கவனிப்பு, 115 தாண்டினால் கவலை, 120-ஐ நெருங்கினால் ஓரங்கட்டி நிறுத்த வேண்டியதுதான். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் பிடிக்காமல் போயிருந்தால் இந்த எண் எதுவும் செல்லாது. மூடிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, பழைய வண்டி வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட் ஒண்ணு இருக்கே, அப்புறம் ஃபேன் ஸ்விட்ச் எதுக்கு?

இரண்டும் வேறு வேறு வேலை. தெர்மோஸ்டாட் இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் வழியில் நிற்கும் கதவு. உள்ளே இருக்கும் மெழுகு சூடாகி விரிந்து கதவைத் தள்ளும். 82 டிகிரி என்று போட்டிருந்தால் 82-ல் திறக்க ஆரம்பிக்கும், முழுக்கத் திறக்க இன்னும் 10, 12 டிகிரி ஆகும். இன்ஜின் எவ்வளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை அது பார்த்துக்கொள்கிறது. வண்டி நிற்கும்போது எவ்வளவுக்கு மேலே ஏறக் கூடாது என்பதை ஃபேன் ஸ்விட்ச் பார்த்துக்கொள்கிறது. ஒன்று தரை, ஒன்று கூரை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கீழே வரும் கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

ஃபேன் ஸ்விட்ச் மேல் 92/87 போல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது ஓட ஆரம்பிக்கும் சூடு, இரண்டாவது நிற்கும் சூடு. அந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ரேடியேட்டரின் வெளியேறும் பக்கத் தொட்டியில் இருந்தால், அது பார்ப்பது ஏற்கெனவே ஆறிய கூலன்டை. அங்கே 92 என்றால் இன்ஜின் தலைப்பகுதியில் அதைவிட அதிகம் இருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டா எப்பவும் குளிர்ச்சியா ஓடுமே?

வேண்டாம். இன்ஜின் சூடாகவே நேரம் எடுக்கும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி உள்ள வண்டியில், இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக அந்தப் பெட்டி நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். சிலிண்டர் தேய்மானமும் குளிர் இன்ஜினில்தான் அதிகம்.

கூடவே ஒரு சிக்கலும் உண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேல் கதவு திறக்கும்போது அது கீழே இறங்கி, ரேடியேட்டர் பக்கம் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை அடைக்கும். அந்த வகையில் தெர்மோஸ்டாட்டை எடுத்தால் சூடான கூலன்ட் குறுக்கு வழியிலேயே ஓடி, வண்டி முன்பைவிட அதிகமாக ஹீட் ஆகும். சந்தேகம் இருந்தால் பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துச் சூடேற்றுங்கள். கதவு விலகும் நொடி கண்ணுக்குத் தெரியும். அடியைத் தொடாமல் தொங்க வேண்டும், இல்லையென்றால் பாத்திரத்தின் சூட்டைத்தான் அளப்பீர்கள்.

91-ஐ எடுத்துட்டு 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டேன். ஆனாலும் டிராஃபிக்ல 105 வருது. டூப்ளிகேட் கொடுத்துட்டானா?

இல்லை, நல்ல சாமான்தான். நீங்கள் தரையை இறக்கியிருக்கிறீர்கள், கூரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. திறந்த சாலையில் முள் முன்பைவிடக் கீழே நிற்பதைக் கவனித்திருப்பீர்கள், அதுதான் புது தெர்மோஸ்டாட்டின் பலன். டிராஃபிக்கில் நின்றதும் கதவு முழுக்கத் திறந்துவிடும். அதற்கு மேல் அதனால் செய்ய ஒன்றுமில்லை. ஃபேன் 105-க்குக் காத்திருந்தால் இன்ஜினும் 105 வரை ஏறத்தான் செய்யும்.

சரி, ஃபேனைச் சீக்கிரமா ஓடவைக்க என்ன வழி?

ரேடியேட்டரில் ஸ்விட்ச் உள்ள வண்டி என்றால், அதே மரை, அதே கனெக்டர் உள்ள குறைந்த டிகிரி ஸ்விட்ச்தான் என் தேர்வு. கழற்றி மாட்டினால் முடிந்தது. பிடிக்காவிட்டால் பழையதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஐரோப்பிய கார்களில் 22 மில்லிமீட்டர் மரை பரவலாக உண்டு, ஆனாலும் பழையதைக் கையில் வைத்து ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். ஒற்றை வயர் ஸ்விட்ச் என்றால் மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதற்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான்.

எலக்ட்ரானிக் பெட்டியே ஃபேனை இயக்கும் வண்டிகளில் பெட்டிக்குள் பதிந்திருக்கும் டிகிரி கணக்கை மாற்ற வேண்டும். சிப் மாற்றியோ, ட்யூன் செய்தோ நடக்கும். மூன்றாவது வழி, தனியாக விற்கும் கன்ட்ரோலர். திருகைத் திருப்பி எந்த டிகிரியும் வைக்கலாம். அதிலும் ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே குத்திச் சொருகும் சென்சார் உள்ள வகை எனக்குப் பிடிக்காது. அது அளப்பது தகட்டின் சூட்டை, கூலன்ட் சூட்டை அல்ல. அதிர்வில் தளர்ந்து வெளியே வந்துவிட்டால் ஃபேன் ஓடவே ஓடாது. ஹோஸுக்கு நடுவில் அடாப்டர் போட்டு, சென்சாரைக் கூலன்டில் நனையும்படி வைக்கும் வகை பரவாயில்லை.

எவ்வளவு இறக்கலாம்? 80-ல ஓடவிட்டா இன்னும் நல்லதுதானே?

தரைக்குக் கீழே கூரை போட முடியாது. 82 தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் ஃபேன் நிற்கும் சூட்டை 78-ல் வைத்தால் அது ஒருபோதும் நிற்காது. கூலன்ட் 82-க்குக் கீழே இறங்கப் பார்க்கும், தெர்மோஸ்டாட் மூடிக்கொள்ளும், ஃபேன் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மோட்டார் தேயும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கும் ஓய்வு இருக்காது.

இன்ஜினில் அளக்கும் சென்சார் என்றால், தெர்மோஸ்டாட் எண்ணோடு 12 முதல் 15 கூட்டி ஃபேனை ஓடவிடுங்கள். அதிலிருந்து 5, 6 இறங்கியதும் நிற்கட்டும். 82-க்கு 95-ல் ஓடி 90-ல் நிற்பது நன்றாக இருக்கிறது. ஓடுவதற்கும் நிற்பதற்கும் ஒரே ஒரு டிகிரி இடைவெளி வைத்தால் ரிலே (சின்னக் கரன்டால் பெரிய கரன்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்து சீக்கிரம் கருகிவிடும்.

டேஷ்போர்டுல ஒரு ஸ்விட்ச் வெச்சு நானே போட்டுக்கறேனே?

கூடுதலாக என்றால் நல்ல யோசனை. சிக்னலில் நிற்கப் போவது தெரிந்ததும் முன்கூட்டியே போட்டுவிடலாம். அதற்குப் பதில் இது என்றால் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஆட்டோமேட்டிக் ஸ்விட்சைத் துண்டித்துவிட்டு இதை மட்டும் வைத்திருந்தார். ஒரு நாள் போனில் பேசிக்கொண்டே நெரிசலில் மாட்டினார், இன்ஜின் ஹெட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று.

டேஷ்போர்டு ஸ்விட்ச் ரிலேயின் காயிலை மட்டும் இயக்க வேண்டும். ஃபேனுக்குப் போகும் முழுக் கரன்டை அதன் வழியே விடக் கூடாது. போட்டிருப்பது தெரிய ஒரு சின்ன விளக்கும் வையுங்கள்.

ஃபேன் நல்லாத்தான் சுத்துது, ஆனா ஹீட் இறங்க மாட்டேங்குது. இன்னும் சீக்கிரமா ஓடவிடட்டுமா?

எல்லோரும் தப்பு செய்யும் இடம் இது. நானும் செய்தேன். 102-ல் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை 92-க்கு மாற்றினேன். என்ன ஆயிற்று? 92-ல் ஓட ஆரம்பித்து, ஓடிக்கொண்டே இருந்து, பத்து நிமிடத்தில் அதே 104-ல் போய் நின்றது. ஃபேன் எப்போது தொடங்குகிறது என்பதல்ல முக்கியம். தொடங்கிய பிறகு முள் இறங்குகிறதா, இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். நிற்கும் வண்டியில் ஃபேன் ஓட ஆரம்பித்ததிலிருந்து நிற்கும் வரை கடிகாரத்தைப் பாருங்கள். என் வண்டியில் இப்போது ஏசி இல்லாமல் மூன்று நிமிடத்துக்குள் நிற்கிறது. நிற்கவே இல்லையென்றால் எந்த டிகிரி ஸ்விட்ச் போட்டும் பலனில்லை.

அப்போது நான் செய்ய வேண்டியிருந்தது மல்டிமீட்டரை எடுப்பது. ஃபேன் ஓடும்போது பேட்டரியில் 13.6 வோல்ட் இருந்தது, ஃபேன் கனெக்டரில் 10.4 மட்டுமே. மூன்று வோல்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போயிருந்தது. கனெக்டரைப் பிரித்தால் வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் டீ நிறத்துக்குப் பழுத்து உருகியிருந்தது, உள்ளே பித்தளை கறுத்திருந்தது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருந்த எர்த் போல்ட் வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்தது. கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சையாகப் பூத்திருந்தது. போல்டைச் சுரண்டி, புது டெர்மினல் போட்டதும் கனெக்டரில் 13.1 வந்தது. கண்ணுக்கு ஃபேன் அதே மாதிரிதான் சுற்றியது. காதுக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது.

வோல்டேஜ் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால் காற்றின் வழியைப் பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தாளைக் காட்டினால் அது இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் பறந்தால் யாரோ மோட்டார் வயரை மாற்றி மாட்டியிருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் ஷ்ரவுட் உடைந்திருக்கும். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் கூடு இல்லையென்றால் இறக்கைக்கு நேராக இருக்கும் வட்டம் மட்டும் ஆறும், மூலைகள் சும்மா கிடக்கும். பழைய மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தும் வேகம் குறையும். தட்டினால் ஓடும் ஃபேன் என்றால் அதுதான்.

என் வண்டில ஃபேன் கரன்ட் நேரா ரேடியேட்டர் ஸ்விட்ச் வழியாத்தான் போகுது. ரிலே கட்டாயமா?

கட்டாயம் என்றே சொல்வேன். இந்த ஃபேன்கள் ஓடும்போது 15 முதல் 25 ஆம்பியர் இழுக்கும், தொடங்கும் நொடியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. சின்ன ஸ்விட்சின் முனைகள் நாளடைவில் கருகி, முந்தைய பதிலில் சொன்ன வோல்டேஜ் இழப்பு அங்கேயே தொடங்கிவிடும். 40 ஆம்பியர் ரிலே ஒன்று போதும். 30-ம் எண் முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வயர், 87 ஃபேனுக்கு, 85-ம் 86-ம் காயிலுக்கு. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வயர் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். எர்த் வயருக்கும் அதே தடிமன். பாசிட்டிவுக்குத் தடி வயர் இழுத்துவிட்டு எர்த்தை நூல் மாதிரி விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹைவேல வேகமா போனாத்தான் ஹீட் ஆகுது, டிராஃபிக்ல ஒண்ணுமில்லை. பெரிய ஃபேன் போடட்டுமா?

முதல் கேள்விக்குத் திரும்பிப் போங்கள். அந்த வேகத்தில் ஃபேனுக்கு வேலையே இல்லை. பெரிய ஃபேனின் தடித்த மோட்டார் காற்றை மறைக்க வேண்டுமானால் செய்யும்.

மூக்கு தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவும் முகத்தால் மூச்சு விடுவதில்லை, பம்பருக்கு அடியிலிருந்துதான் காற்றை இழுக்கின்றன. அதற்காக அடியில் ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தடுப்பு தொங்கும். அது காற்றை மேலே திருப்பி ரேடியேட்டருக்குள் தள்ளும். வேகத்தடையில் உரசி அது பிய்ந்துபோனால், அலங்காரப் பொருள்தானே என்று யாரும் திரும்ப மாட்டுவதில்லை. நான்காம் தலைமுறை கொர்வெட்டில் இந்த ஒரு துண்டு இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் முள் ஏறும். ரேடியேட்டரின் பக்கங்களில் இருக்கும் ஸ்பாஞ்சுப் பட்டைகளும் அப்படியே. அவை உதிர்ந்துவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும்.

அடுத்தது குப்பை. ஏசியின் சூட்டை வெளியே விடும் கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் இடுக்கை டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். என் வண்டியில் இரண்டையும் பிரித்தபோது சருகும் பூச்சி இறக்கையும் தூசியும் ஆயிலில் ஊறி, கம்பளித் துணி மாதிரி ஒரே விரிப்பாக உரிந்து வந்தது. முப்பது வருஷச் சேமிப்பு! இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும்.

அதுவும் சரி என்றால் உள்ளே அடைத்த ரேடியேட்டர், இறக்கை அரித்துப்போன வாட்டர் பம்ப், அதிக வேகச் சுழற்சியில் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகும் கீழ் ஹோஸ் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஹோஸை நிற்கும் வண்டியில் ஒருவர் ஆக்சிலரேட்டரைக் கொடுக்க, இன்னொருவர் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏசி போட்டா மட்டும் முள் ஏறுது.

கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. கேபினிலிருந்து எடுத்த சூட்டை எல்லாம் அது ரேடியேட்டருக்குள் போகும் காற்றிலேயே கொட்டுகிறது. கொஞ்சம் ஏறுவது இயல்பு. ஏசி போட்டதும், அல்லது ஏசி அழுத்தம் ஏறியதும், கூலன்ட் சூடு என்னவாக இருந்தாலும் ஃபேன் ஓட வேண்டும். இரண்டு ஃபேன் உள்ள வண்டியில் இரண்டும் ஓடுகிறதா என்று இறங்கிப் பாருங்கள். ஒன்று செத்துப்போய் வருஷக்கணக்காக யாருக்கும் தெரியாமல் இருப்பது சகஜம்.

மீட்டர் ஒண்ணு காட்டுது, ஸ்கேனர் ஒண்ணு காட்டுது, ஃபேன் அது இஷ்டத்துக்கு ஓடுது. எதை நம்பறது?

பல பழைய வண்டிகளில் மூன்றுக்கும் மூன்று தனித்தனி உறுப்புகள். மீட்டருக்கு ஒரு சென்சார், எலக்ட்ரானிக் பெட்டிக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒரு ஸ்விட்ச். மூன்றும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒரே எண் வர வேண்டியதில்லை. ஸ்கேனர் படிப்பது எலக்ட்ரானிக் பெட்டியின் சென்சாரை. அது காட்டுவதை நான் அதிகம் நம்புவேன், பெட்ரோல் கணக்கு அதை வைத்துத்தான் நடக்கிறது. மீட்டர் முள் ஒரு ஜோதிடர் மாதிரி, சில கார்களில் 80-லிருந்து 105 வரை நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி கம்பெனியே செய்திருக்கிறது. அது நகர ஆரம்பிக்கும்போது விஷயம் கைமீறியிருக்கும்.

ஹெட்லைட் போட்டதும் முள் ஏறினால் இன்ஜின் ஹீட் ஆகவில்லை, மீட்டர் பெட்டியின் எர்த் கெட்டிருக்கிறது. அகச்சிவப்பு தெர்மாமீட்டரால் பளபளப்பான அலுமினியத்தைக் குறி வைத்தால் குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதைக் குறி வையுங்கள்.

இன்ஜினை ஆஃப் பண்ணின பிறகும் ஃபேன் ஓடுது. பேட்டரி போயிடுமா?

நிறுத்தியதும் வாட்டர் பம்பும் நின்றுவிடும். இரும்பில் தேங்கிய சூடு கூலன்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் முதல் சில நிமிடங்கள் சூடு கூடத்தான் செய்யும். பத்து நிமிடத்துக்குள் நின்றால் கவலை வேண்டாம். அரை மணி ஆகியும் நிற்கவில்லை என்றால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும். சாவியை எடுத்துவிட்டோம் என்று நம்பி இறக்கைக்குள் கை விடாதீர்கள், இந்த வகை வண்டியில் அது எப்போது வேண்டுமானாலும் கிளம்பும்.

கூலன்ட் மாத்தினதிலிருந்து ஃபேன் ஓடவே இல்லை. முள் மட்டும் சிவப்புக்கிட்ட போகுது.

ஏர் லாக். மூக்கு தாழ்ந்த கார்களில் ரேடியேட்டர் இன்ஜினைவிடக் கீழே இருப்பதால் காற்று மேலே எங்காவது மாட்டிக்கொள்ளும். ஸ்விட்ச் இருக்கும் இடத்துக்குச் சூடான கூலன்ட் வந்து சேராததால் அது விழித்துக்கொள்ளாது. முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி நின்று கூலன்ட் மட்டும் ஒழுகும்வரை மெதுவாக ஊற்றுங்கள். இதெல்லாம் ஆறிய இன்ஜினில். மறுநாள் காலையில் அளவு இறங்கியிருக்கும், இன்னொரு முறை நிரப்புங்கள்.

வெறும் தண்ணீர் சூட்டை நன்றாகச் சுமக்கும் என்பது உண்மைதான். ஆனால் கொதிநிலை குறையும், அலுமினியமும் வாட்டர் பம்பும் அரிக்கும். ரேஸ் மைதானத்துக்கு வெளியே அது வேண்டாம்.

என் வண்டில இன்ஜினே ஃபேனைச் சுத்துது. அதை எடுத்துட்டு எலக்ட்ரிக் போட்டா பவர் கூடுமாமே?

கொஞ்சம் கூடும், சீட்டில் உட்கார்ந்தவருக்குத் தெரியும் அளவு அல்ல. அந்த ஃபேனின் நடுவில் சிலிகான் திரவம் உள்ள கிளட்ச் இருக்கிறது. முன்னால் சுருளாக இருக்கும் தகடு, ரேடியேட்டர் வழியே வரும் காற்றின் சூட்டைப் பார்த்துத் திரவத்தை விட்டு இறுக்கும். வண்டி சூடாக இருக்கும்போது இன்ஜினை நிறுத்தி, கையால் ஃபேனைத் தள்ளிப் பாருங்கள். தடை கொடுக்க வேண்டும். பம்பரமாகச் சுற்றினால் கிளட்ச் செத்துவிட்டது, முதலில் அதை மாற்றுங்கள். நல்ல கிளட்ச் ஃபேன் இழுக்கும் காற்றைச் சின்ன எலக்ட்ரிக் ஃபேன் இழுக்காது. மாற்றியே தீருவேன் என்றால் ஷ்ரவுடோடு, ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து இழுக்கும் வகையாகப் போடுங்கள். ஆல்டர்னேட்டர் ஐடிலில் அந்த லோடைத் தாங்குமா என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்.

ரேடியேட்டர், பம்ப், ஃபேன், தெர்மோஸ்டாட் எல்லாம் புதுசு. இன்னும் ஹீட் ஆகுது. வேற என்னதான் மிச்சம்?

இரண்டு விஷயம். ஒன்று, சூடே அதிகமாக உண்டாகிறது. இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தால் எரிதல் தாமதமாகி, எக்ஸாஸ்ட் பக்கம் வழியாக ஏராளமான சூடு கூலன்டுக்குள் இறங்கும். பெட்ரோல் குறைவாகக் கலந்தாலும் இதே கதைதான்.

இரண்டாவதை யாரும் கேட்க விரும்புவதில்லை, ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு. குளிர் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள், சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறது. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனை இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு பட்டால் மஞ்சளாகும். புது ரேடியேட்டர் வாங்கும் முன் செய்திருக்க வேண்டிய சோதனை. பலர் கடைசியில்தான் செய்கிறார்கள், நான் உட்பட.

நடு ரோட்ல ஃபேன் செத்துப்போய் முள் ஏறுது. வீடு போய்ச் சேர வழி உண்டா?

ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் அதன் ஃபேனை முழு வேகத்திலும் வையுங்கள், அது ஒரு குட்டி ரேடியேட்டர். வெந்துபோவீர்கள், இன்ஜின் பிழைக்கும். நகரும் சாலை இருந்தால் நகர்ந்துகொண்டே இருங்கள். இல்லையென்றால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். மூடியை மட்டும் தொடாதீர்கள். அழுத்தம் போன அந்த நொடியில் உள்ளே இருப்பதெல்லாம் கொதித்து முகத்தில் அடிக்கும்.

எலக்ட்ரானிக் பெட்டி இயக்கும் ஃபேன் என்றால், பல வண்டிகளில் இன்ஜினின் கூலன்ட் சென்சார் கனெக்டரைப் பிடுங்கினால் பெட்டி பயந்துபோய் ஃபேனை நிரந்தரமாக ஓடவிட்டுவிடும். செக் இன்ஜின் விளக்கு எரியும், எரியட்டும். ரிலே உள்ள வண்டியில் ரிலேயைப் பிடுங்கி, 30-க்கும் 87-க்கும் உரிய துளைகளை ஒரு தடி வயரால் இணைத்தால் மோட்டார் நேராக ஓடும். அப்படியும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், அதுவும் நன்றாக இருந்தால் மோட்டாரே போய்விட்டது. இரண்டு முனையிலும் தட்டை டெர்மினல் போட்ட ஒரு சாண் வயர் என் டேஷ்போர்டு பெட்டியில் எப்போதும் கிடக்கும். வீடு வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் காலையில் பேட்டரி காலி.